ஓடை யாருடையது? இடிந்த சுவர் யாருடையது?

(வடசென்னையில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்திற்கு வர இயலாமல், கடையின் கல்லாவில் அமர்ந்து இந்த ஏட்டைப் புரட்டிக் கொண்டிருக்கும் சகோதரரே, உங்களிடமும்தான் பேசுகிறேன்.

உங்கள் குடோனின் பின்சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது? புளியந்தோப்பிலோ, ஓட்டேரியிலோ, வியாசர்பாடியிலோ நீங்கள் இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை. கறுப்பு நிறத்தில், குப்பை மிதக்க, நாற்றமெடுத்து ஒரு கால்வாய் கிடக்கிறது. பத்து மாதம் அது அசையாமல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் உயிர் பெற்று எழும். உங்கள் சுவரின் அடியில் உள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போகும். ஒரு நாள் இரவு சுவரும் போகும். சுவரோடு சரக்கும் போகும்.

மறுநாள் காலையில் அதிகாரி வருவார். வந்தவுடன் என்ன கேட்பார்? 'எவ்வளவு நட்டம்?' என்றா கேட்பார்? 'பட்டா இருக்கிறதா?' என்றுதான் கேட்பார். பாதிக்கப்பட்டவர் ஒரே நொடியில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். பட்டாவைக் காட்டினால் அடுத்த பதில் தயாராக இருக்கும்: 'இது எங்கள் துறை இல்லை.'

இந்த நிலையை மாற்ற முடியுமா? முடியும். சட்டம் என்ன சொல்கிறது, நகர நிர்வாகத்தின் கடமை என்ன, நம்முடைய கடமை என்ன என்பதை நாம் தெரிந்துகொண்டால் முடியும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் சுவரை இடிக்கும் தண்ணீர் உங்கள் கூரையில் பெய்த மழை மட்டுமல்ல.

ஓட்டேரி நல்லாவை எடுத்துக்கொள்வோம். 'நல்லா' என்பது உருதுவில் நாம் சொல்லும் 'நாலா'தான். ஓடை என்று பொருள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளம். அண்ணா நகர், வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து புறப்பட்டு அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து, பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அண்ணா நகரில் 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு அங்கே வீதிகளும் மாளிகைகளும் எழுந்தன. வயலும் வெற்று நிலமுமாக இருந்த இடங்கள் தாரும் சிமெண்டுமாயின. முன்பு மண் குடித்த மழைநீரை இப்போது குடிக்க மண் இல்லை. அத்தனையும் ஓடைக்கு வருகிறது. மேலே உள்ளவர் வீட்டு வாசல் ஒரு மணி நேரத்தில் காய்ந்து விடுகிறது. கீழே உள்ள நமக்கு மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர்!

இத்தனை தண்ணீரும் எங்கே போக வேண்டும்? கடலுக்கு. ஆனால் வடசென்னை தட்டையான தாழ்நிலம். கடல் அலை ஏற்றத்தில் இருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் வெளியேற மறுக்கிறது. கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. பக்கிங்காம் கால்வாயோ வண்டலாலும் சாக்கடையாலும் தூர்ந்து கிடக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் கரையைத்தான் கடிக்கும்.

கரை எப்படி உடைகிறது என்பதையும் கவனியுங்கள். ஓடை வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையில்தான் நீரின் வேகம் அதிகம். அங்கேதான் அரிப்பு முதலில் தொடங்கும். ஒரு கரைக்கு மட்டும் தடுப்புச்சுவர் கட்டினால் தண்ணீரின் வேகம் எதிர்க்கரையை அறுக்கும். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: வெள்ளம் ஏறும்போது நிற்கும் சுவர், வெள்ளம் வடியும்போது விழும். ஏனென்றால் ஊறிய மண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரே திடீரென்று இறங்கி விடுகிறது. ஆகவே மழை நின்றுவிட்டது என்று நிம்மதியாகச் சுவரோரம் படுத்து உறங்காதீர்கள். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

பல கிலோமீட்டர் நகரத்தின் தண்ணீர் உங்கள் சுவரின் அடியில் ஓடுகிறது. அந்தச் சுவர் விழுந்தால் அது உங்கள் சொந்த விவகாரம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான்கு துறை, ஒரு கால்வாய்

சென்னையில் தண்ணீருக்கு எத்தனை எசமானர்கள் தெரியுமா? தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறைக்கு. பாதாளச் சாக்கடை, 1978இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்திற்கு. பெரிய சாலைகள் சிலவற்றின் ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறைக்கு. நிலத்தின் எல்லையை அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. மனு எழுதும் ஏழை வியாபாரி இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பந்தாக உதைக்கப்படுகிறார்.

தண்ணீருக்கு மட்டும் இந்தத் துறைப் பிரிவினை தெரியாது. சாக்கடை மழைநீர் வடிகாலில் கலக்கிறது. வடிகால் கால்வாயில் கலக்கிறது. கால்வாய் வீட்டுக்குள் வருகிறது.

பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றைப் பாருங்கள். 1806இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கினார்கள். 1877-78 பெரும் பஞ்சத்தில், பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். பஞ்சத்தில் அடிபட்ட மக்களின் வியர்வையில் உருவான கால்வாய் அது! அதன் நடுவில் 1990களில் பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நட்டது யார்? குடிசைவாசியா? அரசுதான். கூவக் கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று சொல்லி, நகரத்திற்கு வெளியே பெரும்பாக்கத்திற்கு அனுப்பினார்கள். கால்வாய்க்குள் நிற்கும் கான்கிரீட் தூணுக்கு எந்த அதிகாரி நோட்டீஸ் கொடுத்தார்?

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரம் மூழ்கியது. அந்த வெள்ளம் குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதர்களால் உண்டாக்கப்பட்ட பேரழிவு என்று அந்த அறிக்கையே கூறியது. நாம் சொல்லவில்லை, அரசின் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பு சொன்னது. 2021 நவம்பரில் மீண்டும் வெள்ளம். ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள். 2023இல் குழுவின் அறிக்கையும் வந்தது. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. புளியந்தோப்பும் வியாசர்பாடியும் மறுபடி தண்ணீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, மீனவ மக்களின் வலையையும் படகையும் பாழாக்கியது.

மிக்ஜாமுக்குப் பின் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். கொடுத்ததை இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் இடிந்த சுவருக்கு அது போதுமா? நனைந்து வீணான ஒரு குடோன் சரக்குக்கு அது போதுமா? இரண்டு மாதம் மூடிக் கிடந்த கடையின் ஆள் கூலிக்கு அது போதுமா?

'பணம் இல்லை' என்று சொல்ல முடியாது

நகராட்சிகள் வழக்கமாகச் சொல்லும் பதில், 'நிதி இல்லை' என்பது. இந்தப் பதில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே தீர்ப்பளித்துவிட்டது.

மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். ஒரு தெருவில் வடிகால் இல்லை. சாக்கடை தேங்கியது. சாராய ஆலையின் கழிவும் அதே தெருவில் ஓடியது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி நடுவர், 'வடிகால் கட்டு' என்று நகராட்சிக்கு உத்தரவிட்டார். நகராட்சி, பணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. மக்களின் ஆரோக்கியத்தைக் காக்கும் சட்டக் கடமையிலிருந்து நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி தப்பிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்த 133ஆம் பிரிவு இன்று எங்கே? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 152ஆம் பிரிவாக இருக்கிறது. கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் மனுச் செய்யலாம். ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். இந்தப் பிரிவு பொதுத்தொல்லையை அகற்றுவதற்கானது. தனி ஒருவரின் நட்டத்திற்கு ஈடு வாங்கித் தருவதற்கானது அல்ல. எனவே நீங்கள் ஒருவர் மட்டும் போய் நின்றால் பலனில்லை. தெருவே சேர்ந்து போக வேண்டும். இழப்பீடு வேண்டுமானால் அது சிவில் வழக்கு. அரசின் மீது சிவில் வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நம் பக்கம் சுத்தமா?

சகோதரர்களே! இதுவரை சொன்னதற்கெல்லாம் கைதட்டினீர்கள். இனிமேல் சொல்லப் போவதற்கும் தட்டுங்கள், பார்ப்போம்.

கடை மூடும்போது அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் எங்கே போகின்றன? கோழிக்கடைக் கழிவு எங்கே போகிறது? பழைய இரும்புக் கடையின் எண்ணெய் எங்கே போகிறது? ஆட்டுத்தொட்டிப் பக்கம் ஓடும் கால்வாயைப் போய்ப் பாருங்கள். அதில் கிடப்பது எல்லாம் அரசு போட்டதா? கடைக்குப் படி கட்டுகிறேன் என்று வடிகாலின் மேல் சிமெண்ட் பூசி, தூர் வாரும் மூடியையே மறைத்தவர் யார்? வீட்டுச் சாக்கடைக் குழாயை இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்தவர் யார்?

சட்டம் நமக்கும் கடமை விதித்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் இயற்கையாக விழும் மழைநீர் பக்கத்துப் பள்ள நிலத்தின் வழியே இயல்பாக வடிந்து செல்லும் உரிமையை ஏற்கிறது. உங்கள் நிலத்தைக் காப்பாற்ற மண் கொட்டி மேடாக்கி, அண்டை வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளினால், நாளை நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும். மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள்; ஃபிக்ஹு நூல்களில் 'மஸீல்' என்று ஓர் உரிமை பேசப்படுகிறது. தண்ணீர் வடிந்து செல்லும் வழியின் உரிமை அது. அண்டை வீட்டாருக்குத் தீங்கு வராமல் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

ஆகவே கணக்கு தெளிவாக இருக்கட்டும். உங்கள் மனைக்குள் ஓடும் வடிகால் உங்கள் பொறுப்பு. தெருவின் தண்ணீரையும் நகரத்தின் தண்ணீரையும் சுமந்து செல்லும் கால்வாய் அரசின் பொறுப்பு. நம் பொறுப்பை நாம் நிறைவேற்றிவிட்டுப் போய்க் கேட்டால்தான் நம் குரலுக்கு மரியாதை இருக்கும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

இளைஞர்களே! 2015 வெள்ளத்தில் நம் பிள்ளைகள் மார்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். படகில் போய் முதியோரைத் தூக்கி வந்தார்கள். பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. ஊரே பாராட்டியது. அந்தத் துணிவில் பாதியை ஆனி, ஆடி மாதத்தில் அரசு அலுவலக வாசலில் காட்டியிருந்தால், எத்தனை வீடுகளுக்குப் படகே தேவைப்பட்டிருக்காது! வெள்ளம் வந்த பின் சோறு பொங்குவது சேவை. வெள்ளம் வருமுன் மனு எழுதுவதும் சேவைதான். அதற்குப் புகைப்படம் வராது, மாலை விழாது. இருந்தாலும் செய்யுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: ஆவணம். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, நிலஅளவை வரைபட நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அதை மேல் பரணில் வையுங்கள். குடோன் தரையில் வைத்தால் வெள்ளம் அதையும் கொண்டுபோகும். கால்வாய்க்கும் உங்கள் மனைக்கும் எல்லை எது என்று வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அளந்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை தேதி தெரியும்படி கரையைப் படம் எடுங்கள். சுவரில் அளவுக்கோடு போட்டு வையுங்கள். நாளை பேசப் போவது உங்கள் வாயல்ல, இந்தச் சான்றுகள்.

இரண்டு: எழுத்து. மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆனால் தொலைபேசியோடு நிறுத்தாதீர்கள். மாநகராட்சி, நீர்வளத் துறை, வட்டாட்சியர் மூவருக்கும் ஒரே மனுவை ஒரே நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 'எங்கள் துறை இல்லை' என்றால், அதையே எழுத்தில் கேளுங்கள்.

மூன்று: தகவல் உரிமை. 2005ஆம் ஆண்டின் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான்கு கேள்வி கேட்டால் போதும். இந்தக் கால்வாய் எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது? நிலஅளவைப் பதிவேட்டின்படி இதன் அகலம் என்ன? கடைசியாக எப்போது, எவ்வளவு செலவில் தூர் வாரப்பட்டது? தடுப்புச்சுவர் திட்டம் இருந்தால் அது ஒரு கரைக்கா, இரு கரைக்குமா?

நான்கு: நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, வெளியேற்றுவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். குறித்த நாளுக்குள் ஆவண நகலோடு எழுத்தில் பதில் கொடுங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்து: சாலை. புதுச் சாலை போடும்போது பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அப்படிச் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள். சாலை உயர உயர உங்கள் கடை பள்ளமாகிக்கொண்டே போகும்.

நகர நிர்வாகத்திடம் நாம் கேட்பது

சலுகை கேட்கவில்லை. ஒரு தெளிவான கொள்கையைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு கால்வாய்க் கரையிலும் பலகை வையுங்கள். எந்தத் துறை, எந்தப் பொறியாளர், கடைசியாகத் தூர் வாரிய தேதி எது என்று அதில் எழுதுங்கள். வருவாய்த் துறையோடு சேர்ந்து இரு கரையும் அளந்து எல்லைக் கல் நடுங்கள். ஏழையின் குடிசைக்கும் பணக்காரரின் மாளிகைக்கும் அரசின் தூணுக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். தடுப்புச்சுவரை இரு கரையிலும் சேர்த்தே கட்டுங்கள். தூர் வாருவதை மழைக்கு முன்பே முடியுங்கள். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து, முதல் மழையில் அது மீண்டும் உள்ளே விழுவதை வேடிக்கை பார்க்காதீர்கள். பொதுக் கால்வாயின் பழுதால் பட்டா நிலம் அரிக்கப்பட்டால், அதை மதிப்பிட்டு ஈடு வழங்க விதி வகுத்து வெளியிடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளை வார்டு உறுப்பினரிடம் கொண்டுபோங்கள். சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைகள் கூட்ட 2022இல் விதிகள் வந்துவிட்டன. அந்தக் கூட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்றால் குற்றம் யாருடையது?

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இதை நம் ஜமாஅத்தின் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிடாதீர்கள். ஓடை மதம் பார்த்து ஓடுவதில்லை. பக்கத்துத் தெருவின் துப்புரவுத் தொழிலாளி, எதிர்க்கரையின் மளிகைக்கடை அண்ணாச்சி, தேவாலயத் தெருவின் ஆசிரியை எல்லோருடைய கையெழுத்தும் உங்கள் மனுவில் இருக்க வேண்டும். எதிர்க்கரைக்காரர் கையெழுத்து இல்லாத மனு அரைமனு. ஏனென்றால் உங்கள் கரைக்கு மட்டும் சுவர் கேட்டால் அவர் கரை அறுபடும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தெருவுக்கு ஐந்து பேர் கால்வாய்க் கரையில் கூடுங்கள். ஒருவர் அளவு எடுக்கட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும், ஒருவர் மனு எழுதட்டும், இருவர் எதிர்க்கரைக்குப் போய்க் கையெழுத்து வாங்கட்டும். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். கரை இன்றும் அரிந்துகொண்டுதான் இருக்கிறது.